பாசிக்கடை வீட்டில் சூப் வைப்பதில்லை

வாண்டோ
மார்ச் 4

என் ஹேரின் கண்ணுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்திருப்பாய் என்று நானாகவே நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். வேறென்ன செய்வது? பயிற்சி விடுதி வாசலிலேயே போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். ‘காலேஜ் நுழைவுப் பரீட்சை முடியறவரைக்கும் கடிதம்தாம்மா, அதுவும் சனிக்கிழமைதான் குடுப்போம்’ என்று அந்த மேனேஜர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் உன் அப்பாவுக்குக்கூடக் கடிதம் எழுதியதில்லை. பக்கத்துப் படகுக்காரருக்கு எதற்குக் கடிதம்? இப்போது பெற்ற மகளுக்கு எழுதப் பழகிக்கொள்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை. படகுத்துறைப் பக்கம் காற்று முகத்தில் அறைகிறது. நம் கடையில் புதுக் கடல்பாசி வந்து இறங்கியிருக்கிறது. நல்ல பாசி, கறுகறுவென்று. நீ இருந்தால் மூட்டை தூக்க ஓர் ஆள் ஆயிற்று என்று அப்பா சொன்னார். ‘அவ தூக்க வேண்டிய மூட்டை வேற’ என்று வாயை அடைத்துவிட்டேன்.

நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. இந்த வருஷமும் வீட்டில் பாசி சூப் வைக்க மாட்டேன். வழுக்குகிற சாமான் பரீட்சை எழுதுகிற பெண் இருக்கும் வீட்டில் எதற்கு? பரீட்சையும் வழுக்கிவிடும். நீ குடித்தாலும் ஆகாது, வீட்டில் யார் குடித்தாலும் ஆகாது. கடையில் கூரை தொடும் அளவுக்குப் பாசி, அடுப்பில் ஒரு துண்டு கிடையாது. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். உன் அப்பாதான் சாப்பாட்டு வேளையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறார். தொங்கட்டும், கழன்றா விழப்போகிறது?

பஸ் ஏறும்போது நீ ஏதோ முணுமுணுத்தாய். மோக்போ கல்லூரி சீட்டை விட்டிருக்க வேண்டாம் என்று. என் காதில் விழவில்லை என்று நீ நினைத்திருப்பாய். விழுந்தது. போன வருஷம் கிடைத்தது என்ன, ராஜாங்கமா? நில அளவைப் படிப்பு. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஊரார் வயலில் அலைவதற்கா உன்னைப் பெற்றேன்? துறைமுகத்து மருந்துக்கடை தக் அம்மாளைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? வெள்ளைக் கோட்டு, பக்கத்தில் ஹீட்டர், உட்கார்ந்த இடத்தில் வேலை. அவள் கை மாவு பிசைந்தது மாதிரி அவ்வளவு மிருதுவாக இருக்கும். சில்லறை வாங்கும்போதெல்லாம் பார்ப்பேன். சியோலில் மருந்தியல் படித்தவள். உனக்கும் அந்தக் கை வேண்டும் என்று கேட்கிறேன், வேறு எதையும் நான் கேட்கவில்லை.

இதற்குள் இரண்டு ஜோடி காலுறை வைத்திருக்கிறேன். போட்டுக்கொள், பத்திரப்படுத்தாதே.

அன்புடன்,
அம்மா


யோங்கின்
மார்ச் 25

அன்புள்ள அம்மாவுக்கு,

காலுறை வந்தது. ஒன்றை நான் போட்டிருக்கிறேன், இன்னொன்றை அறைத்தோழி யூன்சே போட்டிருக்கிறாள். கோபிக்காதே, அவள் கால் ஐஸ் கட்டி. அவளுக்கு இது நாலாவது தடவை. மூணாவது தடவைக்காரியான எனக்கு அவள் மேல் ஒரு மரியாதை.

உன் எழுத்து ஒன்றும் கோணல் இல்லை. கடிதத்தில் பாசி வாசனை அடிக்கிறது. முதலில் முகர்ந்துவிட்டுத்தான் படித்தேன்.

இங்கே மலை, அதற்கு நடுவில் இந்தக் கட்டடம், அதைச் சுற்றி மறுபடியும் மலை. எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிற டிராக் சூட். பையன்களோடு பேசினால் அபராதப் புள்ளி. பேச்சு என்ன, ஒருவன் என்னிடம் ரப்பர் கேட்டதற்கே இருவருக்கும் புள்ளி போட்டார்கள். ரப்பரும் திரும்பி வரவில்லை. தூக்கம் வருகிறவர்கள் நின்றுகொண்டே படிக்கப் பின்னால் உயரமான மேசைகள் இருக்கின்றன. நான் அங்கேதான் குடித்தனம். ஜன்னல் பக்கம் என்பதால் எனக்கு வசதி.

உனக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று. இங்கே சமையல் அக்காவும் உன் கட்சி. பாசி சூப் என்ற பேச்சே கிடையாது. அதுமட்டுமா, ‘விழுந்தது’ என்ற வார்த்தையையே யாரும் சொல்லக்கூடாது, மார்க்கும் விழுந்துவிடுமாம். யூன்சேயின் பென்சில் கீழே போனபோது, ‘பென்சில் தரையில ஒட்டிக்கிச்சு’ என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு சின்னத் திருத்தம். நில அளவையில் இப்போது சங்கிலி கிடையாது, அம்மா. முக்காலியில் நிற்கும் கருவி, அதில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். சண்டைக்குச் சொல்லவில்லை, தகவலுக்குச் சொன்னேன்.

அப்பாவின் முகத்தை ஒருமுறையாவது தூக்கி வை.

உன் மகள்,
ஹேரின்


வாண்டோ
மே 10

என் தங்கத்துக்கு,

பெற்றோர் தினத்துக்கு நீ மடித்து அனுப்பிய சிவப்புக் காகிதப் பூ வந்து சேர்ந்தது. கடையில் சட்டையில் குத்திக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கடை யோன்ஹீ அம்மாளுக்கு அவள் மகன் நிஜப் பூ வாங்கி வந்தான். மதியத்துக்குள் வாடிவிட்டது. என்னுடையது இன்னும் இருக்கிறது என்று போகிற போக்கில் அவள் காதில் போட்டுவைத்தேன்.

உன் அப்பாவின் முகத்தைத் தூக்கி வைக்கச் சொன்னாய். இப்போது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கேள். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தார். வந்ததும் ஒரு ஏப்பம். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

‘எங்க போயிட்டு வர்றீங்க?’

‘படகுல வேலை இருந்துச்சு.’

‘படகுல நல்லெண்ணெய் வாசம் எப்படி வந்துச்சு?’

கொஞ்சம் உலுக்கினதும் எல்லாம் வெளியே வந்தது. பாலம் தாண்டி அடுத்த தீவுக்குப் போய், நம்மை யாரென்று தெரியாத ஒரு கடையில் உட்கார்ந்து, பாசி சூப் குடித்துவிட்டு வந்திருக்கிறார்! பாசி விற்கிறவன், பாலம் தாண்டிப் போய், திருட்டுத்தனமாகப் பாசி சூப்!

‘சத்தியமா ஒரு கிண்ணம்தான்’ என்றார்.

‘பொண்ணு அங்க உசிரக் குடுத்துப் படிக்கிறா, உங்களுக்கு நாக்கு கேக்குதா?’

‘நான் குடிச்சா அவளுக்கு எப்படிடி வழுக்கும்? நானா பரீட்சை எழுதறேன்?’

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே போய் எனக்கு முழங்கால் தைலம் வாங்கி வந்தார். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைக்கு வருகிறவர்கள் உன்னைக் கேட்கிறார்கள். ‘சியோல் பக்கம் படிக்கிறா’ என்று சொல்கிறேன். யோங்கின் சியோல் பக்கம்தானே? பொய் ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் ‘பக்கம்’ என்பதை எடுத்துவிட்டுச் சொல்லலாம்.

ஜூன் மாதிரித் தேர்வில் மார்க் எப்படி என்று உடனே எழுது. கணக்கில் கவனம். வெயில் வந்துவிட்டது என்று தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு தூங்காதே.

அன்புடன்,
அம்மா


யோங்கின்
ஜூலை 8

அன்புள்ள அம்மாவுக்கு,

மார்க் கேட்டாய். குறைந்துவிட்டது. போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கீழே. நான் படிக்காமல் இல்லை. படித்ததையே மூணாவது வருஷமாகப் படிக்கும்போது, கேள்வியைப் பார்த்ததும் விடைக்கு முன்னால் பயம்தான் வருகிறது.

யூன்சே போய்விட்டாள். கொஞ்ச நாளாகவே அவள் தலையணையில் கொத்துக் கொத்தாக முடி கிடக்கும். காலையில் நான் பார்ப்பதற்குள் பொறுக்கி எடுத்துவிடுவாள். போன வாரம் அவள் அப்பாவும் அம்மாவும் காரில் வந்தார்கள். அவளே கேட்டு வரவழைத்திருக்கிறாள். போர்வையை மடித்து வைத்தாள், படியிறங்கிப் போனாள். பிறகு படியேறித் திரும்பி வந்து தன் தலையணையை என் கட்டிலில் போட்டாள். ‘உன்னோடது கல்லு மாதிரி இருக்கு’ என்றாள். அப்புறம், ‘ஹேரின், எனக்குப் பசிக்குதுடி. இன்னிக்குத்தான் பசிக்குது’ என்றாள். அவள் அம்மா கீழே நின்று அழுதுகொண்டிருந்தார். திட்டவில்லை.

இன்னொரு விஷயம். என் ஜன்னலுக்கு எதிரே மலைச்சரிவில் புது ரோடு போட அளக்கிறார்கள். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு பெண் தினமும் முக்காலியோடு வருவாள். நின்றுகொண்டு படிக்கும் மேசையிலிருந்து அவளைத்தான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நடக்க விடும் நேரத்தில் வேலி ஓரம் போய், ‘அக்கா, ஒரு தடவை பாக்கலாமா?’ என்று கேட்டுவிட்டேன். ‘வா, பாரு. ஆனா கருவியில மூச்சு விடாத, கோவிச்சுக்கும்’ என்றாள். கண்ணை வைத்தேன். எதிர்மலையில் நட்டிருந்த ஒரு கம்பு கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. அம்மா, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இந்த இடத்திலிருந்து அந்த இடம் இவ்வளவு தூரம் என்று ஒருவரால் நிச்சயமாகச் சொல்ல முடிகிறது என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

போன வருஷம் மோக்போ கல்லூரியைப் பார்க்காமலேயே வேண்டாம் என்றோம் என்று நீ நினைக்கிறாய். நான் போய்ப் பார்த்தேன். தோழி வீடு என்று சொன்னேனே, அன்றைக்கு. அங்கே புல்வெளியில் பிள்ளைகள் இதே கருவியை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அங்கே நின்று திட்டு வாங்க வேண்டும் போல இருந்தது.

நான் பாதியில் ஓடி வர மாட்டேன். நவம்பரில் எழுதுவேன். ஆனால் இதுதான் கடைசி. நாலாவது தடவை கிடையாது. மருந்தியல் கிடைக்காவிட்டால் என்னை மோக்போவுக்குப் போக விடுவாயா? நீண்ட கடிதம் வேண்டாம். ஒரே ஒரு வரி எழுது.

உன் மகள்,
ஹேரின்


வாண்டோ
ஆகஸ்ட் 12

ஹேரினுக்கு,

ஒரு வரி கேட்டாய். விட மாட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. யூன்சே யாரோ, அவள் வீட்டு நிலைமை என்னவோ. அவளைப் பார்த்து நீ ஏன் தளர வேண்டும்? ஒரு மாதிரித் தேர்வில் மார்க் குறைந்ததும் மலையில் யாரோ கம்பு நடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாயா? தோழி வீடு என்று பொய் வேறு. அதை இவ்வளவு தைரியமாக எழுத்தில் வேறு கொடுக்கிறாய்.

உன் வயதில் நான் உறைபனியில் கடல் தண்ணீரில் கை விட்டுப் பாசி அறுத்தேன். என்னை யாரும் ‘என்ன படிக்கிற’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வார்த்தைக்கே அவர்கள் காலில் விழுந்திருப்பேன். இப்போது என் கை என்னைவிடக் கிழடு தட்டி, எனக்கு அக்கா மாதிரி இருக்கிறது. நீ என்னைப் போல ஆகிவிடக் கூடாது என்று கேட்பது ஒரு தப்பா?

பரீட்சைக்கு நூறு நாள் வேண்டுதல் ஆரம்பித்துவிட்டேன். விடிகாலையில் மலைக் கோயிலுக்கு ஏறி, மற்ற அம்மாக்களோடு விழுந்து கும்பிடுகிறேன். முழங்கால் வீங்கிவிட்டது. அப்பா ‘போதும் நிறுத்து’ என்கிறார். நீயே சொல், நான் நிறுத்தலாமா?

வறுத்த நெத்திலி அனுப்பியிருக்கிறேன். தலையைக் கிள்ளித்தான் அனுப்பினேன், தலை உனக்குப் பிடிக்காது.

அம்மா


யோங்கின்
செப்டம்பர் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தச் சுசோக் அறுவடைப் பண்டிகைக்கு நான் வரவில்லை. லீவு இருக்கிறது, ஆனால் அத்தைகள் எல்லோரும் வந்து உட்கார்ந்து, ‘இன்னும் அதே பரீட்சையாம்மா?’ என்று கேட்டுக்கொண்டே அரிசிக் கொழுக்கட்டையை என் தட்டில் வைப்பார்கள். நீ எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாய். அதை நான் பார்க்க வேண்டாம், நீயும் பட வேண்டாம்.

உன் முழங்காலை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. நிறுத்து, அம்மா. நான் சொல்கிறேன், நிறுத்து. நான் கேள்வித்தாளைத் திறக்கும்போது உன் வீங்கிய முழங்கால்தான் முதலில் தெரிகிறது. அப்புறம் எப்படிக் கணக்குத் தெரியும்?

என்னைப் போல ஆகாதே, என்னைப் போல ஆகாதே என்று சின்ன வயதிலிருந்து சொல்கிறாய். எனக்கு உலகத்தில் அதிகம் பிடித்த ஆளைப் பற்றி நீ இப்படிக் கெட்டதாகப் பேசிக்கொண்டே இருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? என்றைக்காவது யோசித்தாயா?

இனி எழுதுவதைப் படித்துவிட்டு நீ கடிதத்தைக் கிழித்தாலும் சரி. மாதம் ஒருமுறை வெளியே விடும் நாளில் நான் பஸ் பிடித்து டவுனுக்குப் போய், ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பாசி சூப் கேட்டேன். கடைக்கார அம்மாள் என் டிராக் சூட்டைப் பார்த்தாள், விரலில் இருந்த மையைப் பார்த்தாள்.

‘மலை மேல படிக்கிற பொண்ணா நீ? உனக்கு இதை விக்க மாட்டேன்மா. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். பீன்ஸ் முளை சூப் தரேன், குடிச்சிட்டுப் போ.’

‘இல்லக்கா, நான் இங்க ஒரு அட்டைப்பொட்டி செய்யற கம்பெனியில வேலைக்குப் போறேன்’ என்று புளுகினேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் வைத்தாள். வைத்துவிட்டு, பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நைந்துபோன பாசி, அம்மா. நம் கடையில் அதைக் கூட்டித் தள்ளிவிடுவோம். ஆனால் நல்லெண்ணெயும் மாட்டிறைச்சியும் சேர்ந்து அந்த ஆவி முகத்தில் பட்டதும் என்னால் முடியவில்லை. இரண்டு கிண்ணம் குடித்தேன், அழுதுகொண்டே குடித்தேன். அப்பாவை இனி ஒன்றும் சொல்லாதே. அவர் கட்சியில் நானும் சேர்ந்துவிட்டேன்.

இந்த வருஷம் காலண்டர் பார்த்தாயா? நவம்பர் பதினாறு. என் பிறந்தநாளும் பரீட்சையும் ஒரே நாள். பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷத்திலிருந்து பரீட்சை பக்கத்தில் வருகிறது என்று சொல்லிச் சொல்லி, எனக்குப் பிறந்தநாள் சூப்பே நீ வைக்கவில்லை. பாசிக்கடைக்காரி மகள், பிறந்தநாளில் பாசி சூப் குடிக்காத ஒரே பெண் இந்த நாட்டில் நானாகத்தான் இருப்பேன். எனக்கு அது வேண்டும். நீ வைத்தது வேண்டும். கேட்டுவிட்டேன்.

உன் மகள்,
ஹேரின்


யோங்கின்
அக்டோபர் 21

அம்மா,

மூன்று சனிக்கிழமையாக உன் கடிதம் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகும் நான் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். மேனேஜர், ‘அடுத்த வாரம் வரும், போம்மா’ என்கிறார். உடம்புக்கு ஏதாவது என்றால் அவருக்கு ஒரு போன் செய், எனக்குச் சொல்லிவிடுவார்.

கோபம் என்றால் கோபமாகவே எழுது. உன் திட்டு எனக்குப் பழக்கம், உன் மௌனம் பழக்கமில்லை.

சூப் குடித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

நன்றாகவே படிக்கிறேன். கடைசி என்று முடிவான பிறகு பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. செப்டம்பர் மாதிரித் தேர்வில் கணக்கு ஏறியிருக்கிறது. ஹேனாம் பள்ளியில்தான் எனக்குப் பரீட்சை மையம் போட்டிருக்கிறார்கள், நம் தீவுப் பிள்ளைகளோடு. பதினாலாம் தேதி மதிய பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறேன். நீ வர வேண்டாம், கடை இருக்கும். அப்பாவை அனுப்பினால் போதும். அவரும் வராவிட்டால் நானே நடந்து வந்துவிடுவேன், வழி தெரியும்.

ஹேரின்


வாண்டோ
நவம்பர் 4

என் ஹேரினுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. முதலில் கோபம். நிஜமாகவே கிழிக்கப் போனேன், அப்பா பிடுங்கிக்கொண்டார். அப்புறம் கோபம் போய்விட்டது, ஆனால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பேனாவை எடுத்தால் ‘என்னைப் போல ஆகாதே’ என்றுதான் வருகிறது. அதை நீ எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாய்.

ஊர்ச் செய்தி ஒன்று மட்டும் சொல்கிறேன். போன மாதக் கடைசியில் மருந்துக்கடை தக் அம்மாள் நம் கடைக்கு வந்தாள். கோட்டு இல்லாமல் பார்த்ததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. ‘பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கற நீளப் பாசி வேணும்’ என்றாள். உனக்குத் தெரியும், அந்தப் பாசிக்கு யாரும் பேரம் பேச மாட்டார்கள், நானும் மடிக்காமல், ஒடிக்காமல்தான் கட்டுவேன். மடித்தால் பெற்றவளுக்கு ஆகாது. ஆள் உயரம் இருந்தது. வெளியே பேய்க்காற்று. அவள் ஒருத்தியால் தூக்க முடியாது என்று, ஒரு முனையை நானும் ஒரு முனையை அவளுமாகப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும் நடந்தோம். ஊரே பார்த்தது.

‘உங்க பொண்ணுக்கா? என்ன பண்றாங்க அவங்க?’ என்று பேச்சுக்குக் கேட்டேன்.

‘குவாங்ஜுல முடி வெட்டற கடை வெச்சிருக்கா.’

‘மருந்தியல் படிக்கலையா?’

‘படிக்க வெச்சேன். ரெண்டாம் வருஷம் புத்தகத்தையெல்லாம் பொட்டியில கட்டி வாசல்ல வெச்சிட்டா. நானும் கதவைச் சாத்திட்டேன். கல்யாணத்துக்குக்கூடப் போகல.’

‘இப்ப அவங்களே கூப்பிட்டாங்களா?’

‘இல்ல. மருமகன்தான் போன் பண்ணாரு. அவ இதை என் கையிலேர்ந்து வாங்குவாளான்னே தெரியல.’

மாவு மாதிரிக் கை என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கை பாசியின் அந்த முனையை விடாமல் இறுக்கிக்கொண்டே வந்தது. காற்றினால் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். பஸ்ஸில் அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மடங்கிவிடும் என்று, அதை நெட்டுக்குத்தலாகக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள். குவாங்ஜு வரைக்கும் நின்றிருப்பாள். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது பார்த்தேன். கையில் பாசி இல்லை. முகம் அழுது வீங்கியிருந்தது, ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவ்வளவுதான் செய்தி.

நீ சூப் கேட்டாய். பரீட்சை நாளில் பெற்றவள் எவளாவது அதை வைப்பாளா? அந்தப் பேச்சை இனி எடுக்காதே. மதியத்துக்குச் சோறு, முட்டைச் சுருள், நெத்திலி. மற்றதை என்னிடம் விட்டுவிடு. கோயிலுக்குப் போகிறேன், ஆனால் இப்போது விழுந்து கும்பிடுவதில்லை. உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறேன். முழங்கால் வற்றிவிட்டது.

பதினாலாம் தேதி பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். கடை எங்கேயும் ஓடிப்போகாது.

அம்மா


நவம்பர் 16, காலை

ஹேரின்,

பிளாஸ்க்கைத் திறந்ததும் கத்திவிடாதே, பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்க்கிறவர் ஓடி வந்துவிடுவார். ஆமாம், அதேதான். நீளப் பாசியிலிருந்து எடுத்தேன். மடிக்கவில்லை, ஒடிக்கவில்லை. இறைச்சியும் நிறையப் போட்டிருக்கிறேன்.

இன்று விடிவதற்குள் நானும் உன் அப்பாவும் உட்கார்ந்து குடித்தோம். நான் ஒரு கிண்ணம், அவர் மூன்று. போதும் என்றால் கேட்டால்தானே? இனி வழுக்கினால் மூன்று பேரும் சேர்ந்துதான் வழுக்குவோம், நீ மட்டும் தனியாக இல்லை.

நீ பிறந்த அன்றைக்கு இந்தச் சூப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் உன்னை முதலில் நன்றாகப் பார்த்தேன். நன்றாக அழுகிறாயா, பால் குடிக்கிறாயா, அவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வேறு ஒன்றும் உன்னிடம் அன்றைக்கு நான் கேட்கவில்லை. நடுவில் எப்போது இவ்வளவு கேட்க ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று யோன்ஹீ அம்மாள் வழக்கம் போல உன்னைக் கேட்டாள். ‘என் பொண்ணு மூணாவது தடவை எழுதறா. கிடைக்கலேன்னா மோக்போல நிலம் அளக்கப் படிக்கப் போறா’ என்று சொல்லிவிட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? ‘நெசமாவா? எங்க மச்சான் வரப்பத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கிட்டிருக்கான், வந்து அளந்து குடுப்பாளா?’ படிப்பதற்கு முன்னாலேயே உனக்கு வேலை வந்துவிட்டது.

ஜூலையில் ஒரு வரி கேட்டாய். அப்போது தப்பான வரியை எழுதிவிட்டேன். இதை வைத்துக்கொள்: மார்க் வந்தாலும் வராவிட்டாலும் நீ போக நினைக்கும் இடத்துக்குப் போ.

ஆறுவதற்குள் குடி.

அம்மா


அதே தாளின் பின்பக்கம், மதியம்

அம்மா,

கத்திவிட்டேன். மேற்பார்வையாளர் வந்து பிளாஸ்க்குள் எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் பசிக்கிறது போல இருந்தது.

பக்கத்து மேசையில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், முதல் தடவைக்காரி. ‘அக்கா, அது பாசி சூப்பா?’ என்று நாற்காலியோடு தள்ளிப் போனாள்.

‘இன்னிக்குப் பொறந்தநாள். எங்கம்மா வெச்சது.’

‘இன்னிக்கா? உங்கம்மாவுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்திக்கா.’

‘ஆமா’ என்றேன். கொஞ்ச நேரம் தன் டப்பாவையே கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு கரண்டியை நீட்டினாள். ‘ஒரே ஒரு வாய். பாசி வேண்டாம், சாறு மட்டும்.’ கொடுத்தேன். இரண்டாவது வாய்க்குப் பாசியோடு கேட்டாள்.

கணக்கு சுமார்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வியிலும் உன் முழங்கால் தெரியவில்லை. உப்பு ஒரு கல் கூடுதல், நீ அழுதுகொண்டே வைத்திருப்பாய். யோன்ஹீ அம்மாளிடம் சொல்லிவை, வரப்பை அளந்து தருகிறேன், ஆனால் அவர் மச்சானிடம் திட்டு வாங்க நீதான் கூட வர வேண்டும்.

அடுத்தது ஆங்கிலம், காதால் கேட்டு எழுதுவது. நாங்கள் கேட்டு எழுதும் வரை, சத்தம் வரக் கூடாது என்று நாட்டில் ஒரு விமானமும் இறங்காது, ஏறாது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் வயிறு நிறையக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறேன், அப்பா மாதிரி.

நீயும் அப்பாவும் வெளியே கேட்டருகே குளிரில் நிற்பீர்கள் என்று தெரியும். இந்தத் தாளைக் காலி பிளாஸ்க்குள் போட்டு மூடுகிறேன், சாயங்காலம் நீயே திறந்து பார்.

மணி அடிக்கிறது. போய்விட்டு வருகிறேன், அம்மா.

ஹேரின்